கால் கப்பில் ஒரு கேக், கால் கப்பில் ஒரு கணக்கு (த்ரெட்)

1/
கொஞ்சம் நீளமான த்ரெட். பாதி மருத்துவம், பாதி அடுப்படி. மூணு வயசிலிருந்து ஏழு வயசு வரைக்கும் வீட்டுல பிள்ளைங்க இருக்கிறவங்க படிக்கலாம். அம்மா அப்பா ரெண்டு பேரும் கம்பெனி ஷிப்டுக்குப் போயிட, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கிற ஆயா, தாத்தாவுக்கும் சேர்த்துத்தான் எழுதறேன்.

திருவாண்டார்கோயில் பக்கம் ஓபியில் காய்ச்சல், சளிக்கு நடுவே அடிக்கடி வரும் கேள்வி இது: "டாக்டர், யூகேஜி படிக்கிறான். நூறு வரைக்கும் கடகடன்னு சொல்றான். ஆனா அஞ்சு பிஸ்கட் எடுத்துட்டு வாடான்னா கை நிறைய அள்ளிட்டு வர்றான். மூளை வளர டானிக் எதாவது இருக்கா?"

2/
டானிக் இல்லை. அந்தப் பிள்ளைக்கு நோயும் இல்லை. நூறு வரை சொல்வது ஒரு பாட்டு மாதிரி, வாய்ப்பழக்கம். எண்ணுவது வேற வேலை. ரோச்சல் கெல்மன், காலிஸ்டல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978ல் எழுதிய புத்தகத்தில் இதைப் பிரித்துக் காட்டினார்கள். வரிசை மாறாமல் எண் சொல்லணும். ஒரு பொருளுக்கு ஒரே ஒரு எண். கடைசியாகச் சொன்ன எண்தான் "மொத்தம் எத்தனை" என்பதற்குப் பதில்.

இந்த மூன்றாவதுதான் பல பிள்ளைகளுக்குத் தாமதமாக வரும். ஐந்து வரை எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேட்டுப் பாருங்க. "அஞ்சு" என்று சொல்லாமல் திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்தால், அந்தப் படி இன்னும் ஏறவில்லை என்று அர்த்தம். ஏறிடும். கையில் பொருள் இருந்தால் சீக்கிரம் ஏறும்.

3/
"இது வாத்தியார் வேலை ஆச்சே, டாக்டருக்கு என்ன?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி.

எங்க வேலையில் பாதி அளவுதான். நான் சீட்டில் எழுதுகிற மருந்தை வீட்டில் அளந்து ஊற்றுவது நான் இல்லை. அம்மாவோ, ஆயாவோ, சில வீட்டில் பத்து வயசு அக்காவோ. அவங்க கைக்கு அளவு தெரிந்தால்தான் என் சீட்டுக்கு மதிப்பு. மூணு உதாரணம் சொல்றேன்.

4/
முதலாவது, பாராசிட்டமால். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம் (ஒரு கிலோவுக்கு 15 என்ற கணக்கு).

5 மிலியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 6 மிலி.
5 மிலியில் 250 உள்ள சிரப் என்றால் 3 மிலி.
1 மிலியில் 100 உள்ள சொட்டு மருந்து என்றால் 1.5 மிலி.

ஒரே குழந்தை, ஒரே காய்ச்சல், ஒரே மருந்து. ஊற்ற வேண்டிய அளவு மட்டும் மூணு விதம். "போன தடவை 6 மிலி கொடுத்தோமே" என்று சொட்டு மருந்தை 6 மிலி ஊற்றினால் நாலு மடங்கு உள்ளே போகும். கல்லீரலுக்கு ஆபத்து. (உங்க பிள்ளைக்கு எவ்வளவு என்பதை எடை பார்த்து டாக்டர் சொல்லணும். இந்தப் பதிவைப் பார்த்து ஊற்ற வேண்டாம்.)

5/
இரண்டாவது, ஸ்பூன். "ஒரு ஸ்பூன்" என்றால் 5 மிலி என்பது புத்தகத்தில். கிரீஸ் நாட்டில் 25 வீட்டு ஸ்பூன்களை எடுத்து அளந்து பார்த்தார்கள். டீஸ்பூன் ஒவ்வொன்றும் 2.5 மிலியிலிருந்து 7.3 மிலி வரை பிடித்தது. கிட்டத்தட்ட மூணு மடங்கு வித்தியாசம். நம்ம வீட்டுச் சீர்வரிசை ஸ்பூன், கல்யாணத்தில் கிடைத்த ஸ்பூன், ஐஸ்கிரீம் ஸ்பூன் எல்லாம் ஒரே டப்பாவில் கிடக்கும். அதான் மருந்துப் பாட்டிலோடு வரும் அளவு மூடியைத் தூக்கிப் போடாதீங்க என்று தினமும் சொல்கிறோம்.

6/
மூன்றாவது, ஓஆர்எஸ். பெரிய பாக்கெட்டில் 20.5 கிராம் தூள். அது முழு ஒரு லிட்டர் தண்ணீருக்கு. சின்னப் பாக்கெட்டும் உண்டு, அது 200 மிலிக்கு. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கினால் உப்பு ஐந்து மடங்கு. வயிற்றுப்போக்கில் ஏற்கெனவே நீர் இழந்த குழந்தைக்கு இது மருந்து இல்லை, ஆபத்து. மூன்று லிட்டரில் கரைத்தால் சும்மா தண்ணி.

கவனிங்க. இதில் எதுவும் பெரிய கணக்கு இல்லை. பாதி, மடங்கு, ஒரு பாத்திரத்தில் இன்னொரு பாத்திரம் எத்தனை முறை. இந்த உணர்வு ஏழு வயசுக்குள் கையில் ஏறிவிட்டால் வாழ்நாள் முழுக்க நிற்கும்.

7/
நம்ம ஊருக்கு இது புதுசு இல்லை. பழைய அளவைப் பாருங்க.

2 ஆழாக்கு = 1 உழக்கு
2 உழக்கு = 1 உரி
2 உரி = 1 படி (நாழி)
8 படி = 1 மரக்கால் (குறுணி)

ஆழாக்கிலிருந்து படி வரை ஒவ்வொன்றும் முந்தினதோட இரட்டிப்பு. உரி என்றால் அரைப்படி, உழக்கு கால்படி, ஆழாக்கு அரைக்கால்படி. நெல் அளக்கிற இடத்தில் நின்ற பிள்ளைக்குப் பின்னம் கண்ணெதிரே நடந்தது. நம்ம பக்கத்து ஊர் திருபுவனைக் கோயிலில் 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது, முதலாம் ராஜாதிராஜன் காலம். அங்கே நடந்த கல்லூரியின் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் கொடுத்தது நெல்தான். சம்பளமே அளந்துதான் வந்தது.

8/
திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி மனப்பாடம். முந்திரி (320ல் ஒன்று), காணி (80ல் ஒன்று), மா (20ல் ஒன்று), வீசம் (16ல் ஒன்று) வரைக்கும் பிள்ளைகள் சொல்லுவாங்க. இதைப் பற்றி ஆராய்ந்தவர் நம்ம புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் டி. செந்தில்பாபு. 2022ல் அவருடைய புத்தகம் ஆங்கிலத்தில் வந்தது. அந்தக் கணக்கு ஏட்டில் மட்டும் இல்லை. நிலம் அளப்பவர், தானியம் அளப்பவர், கூலி கணக்குப் பார்ப்பவர் கைகளில் இருந்தது.

1950களின் கடைசியில் மெட்ரிக் முறை வந்தது. நல்லதுக்குத்தான் வந்தது. மருந்துக்கு மில்லிகிராம் இல்லாமல் முடியாது. ஆனால் படியும் உழக்கும் வீட்டை விட்டுப் போனபோது, பிள்ளை கண்ணெதிரே அளக்கிற பழக்கமும் கூடவே போயிடுச்சு. அரிசி இப்போ பையில் வருது, பால் பாக்கெட்டில் வருது.

9/
"எங்க வீட்டுல தினமும் சமைக்கிறோமே, அது போதாதா?" போதாது. காரணம், நம்ம சமையல் கைப்பக்குவம். ஆயாவிடம் குழம்புக்கு எவ்வளவு உப்பு என்று கேட்டால் "ஒரு கை போடு" என்பாங்க. அது திறமை. ஆனால் பிள்ளைக்கு அதில் எண் தெரியாது. குழம்பும் மன்னிக்கும், உப்பு கம்மின்னா மேலே தூவிக்கலாம்.

கேக் மன்னிக்காது. மாவு கூடினால் கல்லு, எண்ணெய் கூடினால் பிசுக்கு, சோடா கூடினால் கசப்பு. அளக்காமல் வேலை நடக்காது. அதனால் கணக்குக்குக் கேக் நல்ல வாத்தியார். பாண்டிச்சேரிக்காரங்களுக்கு பேக்கரி என்ன புதுசா? கிறிஸ்துமஸுக்கு ரவையில் விவிக்கம் கேக் செய்கிற வீடுகள் இங்கே இருக்கு.

10/
ஓவன் வேண்டாம். கனமான பழைய குக்கர் போதும். முட்டை இல்லாத சாதாரண கேக்:

கோதுமை மாவு (அல்லது மைதா) 1½ கப்
பொடித்த சர்க்கரை ¾ கப்
தயிர் 1 கப்
எண்ணெய் ½ கப்
பேக்கிங் பவுடர் 1¼ டீஸ்பூன், சமையல் சோடா ½ டீஸ்பூன் (இது ரெண்டும் பெரியவங்க, அளவு ஸ்பூனில்)

தயிரில் சர்க்கரை கரைத்து, பவுடரும் சோடாவும் போட்டு ஐந்து நிமிஷம் நுரைக்க விடுங்க. எண்ணெய், பிறகு மாவு. குக்கர் அடியில் ஒரு கப் உப்பு, மேலே ஸ்டாண்டு. கேஸ்கட், வெயிட் ரெண்டையும் எடுத்துடணும். தண்ணீர் ஊற்றக் கூடாது. மிதமான தீயில் 10 நிமிஷம் சூடாக்கி, டின்னை வைத்து, சிறு தீயில் 40 நிமிஷம். குச்சி குத்தினால் ஒட்டாமல் வரணும்.

11/
இப்போ முக்கியமான விஷயம். பிள்ளை கையில் கால் கப் (60 மிலி) மட்டும் கொடுங்க. மற்ற கப்பை எல்லாம் ஒளித்து வைங்க.

மாவு ஒன்றரை கப். கால் கப்பில் எத்தனை? 6.
சர்க்கரை முக்கால் கப். 3.
தயிர் ஒரு கப். 4.
எண்ணெய் அரை கப். 2.

மொத்தம் 15 முறை. ஒவ்வொரு முறை கொட்டும்போதும் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. பின்னம் என்ற சொல்லே வேண்டாம். ஐந்து வயசுப் பிள்ளைக்கு "மூணு கால் சேர்ந்தா முக்கால்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையில் புரியும்.

தமிழில் அந்தச் சொல்லே பாடம். மூன்று கால் முக்கால். காலில் பாதி அரைக்கால். ஆங்கில மீடியம் பிள்ளையாக இருந்தாலும் இதைத் தமிழில் சொல்லுங்க. புரிதல் முதலில், ஆங்கிலப் பேர் பிறகு.

12/
வயசுக்குத் தகுந்த மாதிரி:

3 – 4 வயசு: ஒன்றுக்கு ஒன்று. இட்லித் தட்டை எடுத்து, "ஒரு குழிக்கு ஒரு டூட்டி ஃப்ரூட்டி". விட்டுப்போன குழி எது, ரெண்டு விழுந்த குழி எது என்று பிள்ளையே கண்டுபிடிக்கும். எண்ணே சொல்லாமல் நடக்கிற எண்ணிக்கை இது. (மாவை அதே குழியில் ஊற்றி வேக வைத்தால் குட்டி கேக்.)

4 – 5: மேலே சொன்ன கால் கப் எண்ணிக்கை. "இன்னும் எத்தனை போடணும்?" என்பதுதான் கழித்தல்.

6 – 7: "இன்னிக்கு ஆளு அதிகம், ரெண்டு கேக் வேணும். மாவு எவ்வளவு?" இரட்டிப்பு. அடுத்த வாரம் பாதிக் கேக். முக்கால் கப்பில் பாதி எவ்வளவு என்று கேளுங்க, நீங்களே ஒரு நிமிஷம் யோசிப்பீங்க. (காலும் அரைக்காலும்.)

13/
ஒரே அளவு எண்ணெயைக் குட்டையான கிண்ணத்திலும் உயரமான கண்ணாடி டம்ளரிலும் ஊற்றி "எதில் அதிகம்?" என்று கேளுங்க. ஐந்து வயசு டம்ளரைக் காட்டும். கண்ணெதிரே ஊற்றினாலும் காட்டும். "அறிவு கெட்டவனே" என்று திட்டாதீங்க. ஜான் பியாஜே என்ற சுவிஸ் அறிஞர் இதைப் பல வருஷத்துக்கு முன்பே கவனித்து எழுதினார். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆறு, ஏழு வயசு வாக்கில்தான் "உருவம் மாறினாலும் அளவு மாறாது" என்பது உறைக்கும். திரும்பக் கிண்ணத்தில் ஊற்றிக் காட்டுங்க. ஒன்றும் சொல்ல வேண்டாம். அடுத்த மாசம் திரும்பக் கேளுங்க.

14/
வெட்டும்போதும் கணக்கு. நடுவில் ஒரு வெட்டு: அரை. குறுக்கே இன்னொன்று: கால். சாய்வாக ரெண்டு வெட்டு: அரைக்கால், எட்டுத் துண்டு. வீட்டில் ஐந்து பேர், துண்டு எட்டு. மீதி மூணு. யாருக்கு? இங்கே நடக்கிற சண்டைதான் வகுத்தல் பாடம். பங்கு சமமா இல்லைன்னா மூணு வயசுக்கே தெரியும். அந்த நியாய உணர்வைப் பிடித்துக்கொண்டு கணக்கை உள்ளே விடலாம்.

நேரமும் அப்படித்தான். 40 நிமிஷம் என்றால் கடிகாரத்தில் பெரிய முள் 12லிருந்து 8க்குப் போகணும். கேக்குக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி கடிகாரத்தைக் கவனிக்கிறவங்க யாரும் இல்லை.

15/
இங்கே ஒரு எச்சரிக்கை. "அடுப்படியில் விட்டால் போதும், கணக்கு தானா வந்துடும்" என்பது உண்மை இல்லை.

2025ல் நேச்சர் இதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ குழுவினர் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் காய்கறி விற்கிற 1,400க்கும் மேற்பட்ட பிள்ளைகள். வியாபாரக் கணக்கை மனசிலேயே சரியாகப் போட்டார்கள். பள்ளிக்கூடக் கணக்கைப் பேப்பரில் கொடுத்தால் பலரும் திணறினார்கள். சந்தை வேலை தெரியாத பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்படியே தலைகீழ். பேப்பரில் போட்டவர்களுக்குச் சந்தைக் கணக்கு தடுமாறியது. கைக் கணக்கும் காகிதக் கணக்கும் தானாக ஒட்டிக்கொள்வதில்லை.

16/
அதனால் மூணு படி. கை, வாய், காகிதம்.

கை: பிள்ளையே அளக்கணும். நீங்க அளந்து பிள்ளை வேடிக்கை பார்த்தால் பிரயோஜனம் இல்லை. கொஞ்சம் சிந்தும். சிந்தட்டும்.

வாய்: "மூணு போட்டாச்சு, இன்னும் ஒண்ணு போட்டா ஒரு கப்" என்று பேசிக்கிட்டே செய்யணும். பரீட்சை மாதிரி கேள்வி மேல் கேள்வி கேட்காதீங்க. பேச்சு போதும்.

காகிதம்: கேக் வேகிற 40 நிமிஷத்தில் சாக்பீஸ் கோட்டை நோட்டில் எழுத வைங்க. நாலு கப் படம், பக்கத்தில் 4. ஆறு கோடு, பக்கத்தில் 6. கடைசியில் 6+3+4+2=15. தான் அள்ளிக் கொட்டினதுதான் இந்த எண் என்று பிள்ளைக்குத் தெரியணும். பெரும்பாலான வீட்டில் விட்டுப்போகிற படி இதுதான்.

17/
"கேக்குன்னா சர்க்கரை ஆச்சே டாக்டர்?" சரிதான். மாசம் ஒரு தடவை போதும். மத்த நாளுக்கு நம்ம அடுப்படியிலேயே வேலை இருக்கு. இட்லிக்கு ஊற வைக்கும்போது நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து: விகிதம். அரிசிக்கு இரண்டு மடங்கு தண்ணீர்: பெருக்கல். பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை மாவைச் சமமான உருண்டைகளாகப் பிரிப்பது: வகுத்தல். அளவுக்கு ஒரே டம்ளரை வைத்துக்கொள்ளுங்க, மாற்றாதீங்க. "நம்ம வீட்டு அளவு டம்ளர்" என்று பிள்ளைக்குத் தெரியணும்.

18/
பாதுகாப்பு. இதைத் தாண்டிப் போகாதீங்க.

அடுப்பு, சூடான குக்கர், கொதி எண்ணெய் பக்கம் பிள்ளை வேண்டாம். அளப்பதும் கலக்குவதும் தரையில், அடுப்படிக்கு வெளியே. வெந்த கேக்கை எடுப்பது பெரியவங்க மட்டும்.

சுட்டுடுச்சுன்னா உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்க. வளையல், மோதிரம் இருந்தால் கழட்டிடுங்க. பற்பசை, இங்க், மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்கு வாங்க.

பச்சை மாவை நக்க விடாதீங்க. வேகாத மாவிலும் கிருமி இருக்கலாம். 2016ல் அமெரிக்காவில் பச்சை மாவால் ஈ கோலை தொற்று பரவிப் பலருக்கு உடம்பு கெட்டது.

ஐந்து வயசுக்குள்ள பிள்ளைக்கு முழு முந்திரி, வேர்க்கடலை கொடுக்காதீங்க. மூச்சுக்குழாயில் போனால் உயிருக்கு ஆபத்து. பொடித்துப் போடுங்க.

19/
எப்போ டாக்டரைப் பார்க்கணும்? ஐந்து வயசில் எண் தடுமாறினால் பயம் வேண்டாம். ஏழு, எட்டு வயசில், வீட்டிலும் பள்ளியிலும் நல்லா சொல்லிக் கொடுத்த பிறகும் ஐந்து பொருளை எண்ண முடியலை, எது பெரிய எண் என்று தெரியலைன்னா கூட்டிட்டு வாங்க. முதலில் கண், காது பார்ப்போம். போர்டு தெரியாத பிள்ளையை "மக்கு" என்று சொல்லிக்கிட்டிருப்போம், கண்ணாடி போட்டதும் மாறிடும். ரத்தசோகை இருந்தாலும் கவனம் நிற்காது. அதெல்லாம் சரியா இருந்தும் எண் மட்டும் வரவில்லை என்றால், கணக்கில் மட்டும் வருகிற கற்றல் குறைபாடு என்று ஒன்று இருக்கு. அதற்குப் பயிற்சி உண்டு. அடியும் திட்டும் அதற்கு மருந்து இல்லை.

20/
ஏழெட்டு வயசு ஆனதும் ஒரு வேலை கொடுங்க. காலி ஒரு லிட்டர் பாட்டில், 200 மிலி டம்ளர். எத்தனை டம்ளர் ஊற்றினால் பாட்டில் நிறையும்? ஐந்து. அடுத்து ஓஆர்எஸ் பாக்கெட்டைக் கையில் கொடுத்து, எத்தனை தண்ணீரில் கலக்கணும் என்று பாக்கெட்டிலேயே படிக்கச் சொல்லுங்க. பிறகு உங்க கண் பார்வையில் ஒரு தடவை கலக்கட்டும். மருந்தை அளந்து கொடுக்கிறது பெரியவங்க வேலைதான். ஆனா நாளைக்கு அந்தப் பெரியவங்க இந்தப் பிள்ளைங்கதான்.

21/
வர்ற ஞாயிற்றுக்கிழமை செஞ்சு பாருங்க. கேக் நடுவுல அமுங்கிப் போனா பரவாயில்லை, தின்னுடலாம். சாக்பீஸ் கோடு 15 வந்துச்சா, 14ஆ, 16ஆ? அதை மட்டும் கமெண்ட்டில் சொல்லுங்க. 16 வந்திருந்தா எங்கே ஒண்ணு கூடிச்சுன்னு பிள்ளையையே கண்டுபிடிக்கச் சொல்லுங்க.